இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வார்டில் அரைமணி நேரக் கூட்டம் நடந்தது. தேநீரும் பிஸ்கட்டும் வைத்து எங்களை உட்கார வைத்த மேலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அச்சடித்த கேர் பிளானைப் பற்றி நர்ஸ்களாகிய நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அதைக் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறார்களாம். அதற்கு முன் எங்கள் கருத்து வேண்டுமாம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே அயர்லாந்தில் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து வந்தால், அவர் கட்டிலில் படுப்பதற்கு முன்பே ஒரு சிறு புத்தகம் அந்தக் கட்டிலுக்கு வந்துவிடும். இடுப்பெலும்பு முறிந்த எல்லாருக்கும் அதே புத்தகம்தான். வலி எப்படி இருக்கிறது என்று எப்போது கேட்க வேண்டும், எத்தனை மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், குதிகாலில் என்ன பார்க்க வேண்டும், எந்த நாளில் எழுப்பி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். செய்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் கேர் பிளான்.

முதலில் ப்ரீடா பேசினார். இந்த ஊர்க்காரர், எங்கள் வார்டிலேயே மூத்தவர். "இது சராசரி நோயாளிக்காக எழுதியது. நாற்பது வருடத்தில் அந்த ஆளை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்றார். எல்லாரும் சிரித்தோம். கோட்டயத்துக்காரி ஷைனி சிரிக்கவில்லை. "ஒரு கட்டம் விட்டுப்போனால் கேள்வி வருகிறது. பயந்து அழுகிற ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தால் அதற்குக் கட்டமே இல்லை" என்றாள். ஜிம்பாப்வேயிலிருந்து ஆறு மாதம் முன்பு வந்த சின்னப் பெண் ஒருத்தி மெதுவாகக் கையைத் தூக்கி, "அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் முதல் மாதம் நான் எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்?" என்று கேட்டாள்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கேர் பிளானைத் திட்டுவதில் இந்த வார்டில் எனக்குத்தான் பெயர். பதினேழு வருடம் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நான் ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னேன், வேறொன்றும் பேசவில்லை. ப்ரீடா ஆச்சரியத்தோடு, "ஸ்டெல்லா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" என்று கேட்டார்.

போன வருடம் கேரளத்து வண்டிப்பெரியாரில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்தில் நடந்ததை அரைமணி நேரக் கூட்டத்தில், அதுவும் ஆங்கிலத்தில், என்னால் சொல்லியிருக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். அயர்லாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருடம் முடிகிறது. அதற்கும் சேர்த்து இதை வைத்துக்கொள்ளுங்கள்.

2

நான் ஏன் திட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டில் நர்ஸிங் முடித்ததும் வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு சிறு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. மாட்டுச் சந்தை நாளில் கால் மிதிபட்டோ கொம்பு குத்தியோ யாராவது வருவார்கள். அங்கே கேர் பிளான் என்ற பேச்சே கிடையாது. கட்டில் பக்கத்தில் போய் நின்றால் ஆளே சொல்லிவிடுவார். கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த ஒரு மாட்டுத் தரகர் சந்தை நாள் விடிந்தாலே என்னைக் கூப்பிடுவார்.

"ஏனுங்க சிஸ்டர், அந்த ஜன்னலச் சாத்திப்போடுங்க. மாடு கத்துற சத்தங் கேட்டா எங்காலு கட்டில்ல நிக்காதுங்க."

ஜன்னலைச் சாத்திய நாட்களில் அவர் அசையாமல் கிடந்தார். எலும்பும் நன்றாகக் கூடியது. எந்த அச்சடித்த புத்தகத்தில் அந்த ஜன்னல் இருக்கும்? ஆளைப் பார்த்துச் செய்கிற வேலை இது, காகிதத்தைப் பார்த்து அல்ல என்ற கர்வத்தோடுதான் நான் இங்கே வந்து இறங்கினேன்.

வந்த இரண்டாவது வாரம் அந்தக் கர்வத்துக்கு அடி விழுந்தது. சர்க்கரை வியாதி உள்ள ஒரு வயதான விவசாயியிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். "ஐ ஆம் ஆஃப்டர் மை டின்னர்" என்றார். சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிறார் போலிருக்கிறது, பாவம் என்று ஓடிப்போய் ஒரு தட்டு உருளைக்கிழங்கும் இறைச்சியும் கொண்டுவந்து வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டுவிட்டார். இந்த ஊர்ப் பேச்சில் அதற்கு "இப்போதுதான் சாப்பிட்டு முடித்தேன்" என்று அர்த்தமாம். சாயங்காலம் சர்க்கரை ஏறி எல்லாரும் ஓடினோம். ப்ரீடா கோபப்படவில்லை. அந்த விவசாயியின் புத்தகத்தைத் திறந்து, மதியச் சாப்பாட்டுக் கட்டத்தில் வேறொரு நர்ஸ் போட்டிருந்த கையெழுத்தைக் காட்டினார். "பேச்சு புரியாத நாளில் இதைப் பார்" என்றார்.

நியாயமான பேச்சுதான். எனக்கு அது உறைக்கவில்லை, வலித்தது. என் காதையும் கண்ணையும் நம்பாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு கையெழுத்து எல்லாம் ஒழுங்காகப் போட்டேன், மனசில் மட்டும் அந்தப் புத்தகத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

3

என் தம்பி சகாயராஜ் ஜீப் ஓட்டுகிறவன். போன வருடம் மழைக்காலத்தில் எஸ்டேட் ரோட்டில் ஜீப் சறுக்கித் தேயிலைக்குள் உருண்டது. வண்டியில் அவன் மட்டும்தான் இருந்தான். முதுகெலும்பில் ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. வயது நாற்பத்தொன்று.

வீட்டில் இருந்தது மூன்று பேர். அவன் மனைவி செல்வராணி எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கப் போகிறவள். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மூன்றாவது எங்கள் அம்மா.

அடுத்த விமானத்தில் நான் கிளம்பியிருக்க வேண்டும், முடியவில்லை. அதற்குச் சில மாதம் முன்புதான் எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்தது. பெரிய மண்டபத்தில் கையை உயர்த்திச் சத்தியம் செய்து, கேக் சாப்பிட்டு, என் மகள் ரியா போட்டோ எடுத்து, எல்லாம் கொண்டாட்டமாகத்தான் நடந்தது. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்றிதழ் மட்டும் வரவில்லை. அது கையில் இல்லாமல் விசாவுக்கு எழுத முடியாது. யார் மேலும் குற்றமில்லை, வரிசை அவ்வளவு நீளம். நான் பிறந்த லயத்துக்குப் போக எனக்கு விசா வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் முழுசாக உணர்ந்தேன். விண்ணப்பத்தில் "பயணத்தின் நோக்கம்" என்று ஓர் இடம் இருந்தது. சுற்றுலா, வியாபாரம், உறவினரைக் காண என்று போட்டிருந்தார்கள். உறவினரைக் காண என்பதைத் தொட்டுவிட்டு அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடியோவில் தம்பி சிரித்தான். "நீ வரலன்னா என்னக்கா, நானா எந்திரிச்சு ஓடிரப் போறேன்" என்றான். எனக்கு அவன் முகம் தெரிந்தது, முதுகு தெரியவில்லை. என் பயமெல்லாம் அந்த முதுகைப் பற்றித்தான்.

4

ஏனென்றால் எங்கள் வீட்டில் இது இரண்டாவது முறை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா நிழல்மரத்தில் கிளை வெட்டப் போய் விழுந்தார். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரம். அவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. அன்றைக்கு ஆபரேஷன் ஒன்றுமில்லை, வீட்டிலேயே கிடத்தினோம். "முதுகு உடைஞ்ச ஆளு, அசைக்கக் கூடாது" என்று எஸ்டேட் மருந்துக்கடைக் கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அம்மா அந்தச் சொல்லை வேதவாக்கு மாதிரி பிடித்துக்கொண்டாள்.

அம்மா அவரைக் கவனித்ததுபோல் யாரும் யாரையும் கவனித்து நான் பார்த்ததில்லை. மலையில் கொழுந்தெடுத்துவிட்டு மதியம் ஓடி வருவாள். கஞ்சியை ஆற்றி ஊட்டுவாள். வெந்நீரில் துணி நனைத்து முகம், மார்பு, கை எல்லாம் துடைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியார் நன்மை அப்பம் கொடுக்க வருவார் என்று சனிக்கிழமையே சவரம் செய்துவிடுவாள். மூன்றாவது மாதம் வீட்டில் ஒரு வாடை வந்தது. சாம்பிராணி போட்டோம். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, பிதற்றினார், இறந்துபோனார். மரத்திலிருந்து விழுந்ததால் செத்தார் என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாலக்காட்டில் முதல் வருட வகுப்பில் டீச்சர் போர்டில் ஒரு ஆள் மல்லாந்து படுத்திருக்கும் படம் வரைந்தார். பின்தலை, தோள்பட்டை, இடுப்பின் அடிப்பகுதி, குதிகால் என்று ஒவ்வொரு இடமாகப் பெருக்கல் குறி போட்டார். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பாவிட்டால் இந்த இடங்களில் சதை சாகும், புண் எலும்பு வரைக்கும் போகும், விஷம் இரத்தத்தில் ஏறும் என்றார். எல்லாரும் நோட்டில் எழுதினார்கள். நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் வந்தது என்ன வாடை என்பது எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் அதை நான் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது? "நீ அவ்வளவு பாசமாகப் பார்த்தாய், ஆனால் திருப்பிப் போடவில்லை, அதனால் செத்தார்" என்றா? இருபத்தாறு வருடம் அந்த உண்மையை நான் மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

5

தம்பி வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் வார்டில் இருந்த ஒரு புதுக் கேர் பிளானைக் கையில் எடுத்தேன். பதினேழு வருடத்தில் முதல்முறையாக அதை வரிவரியாகப் படித்தேன். திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணில் படாதது அன்றைக்குப் பட்டது. இதை எழுதியவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்தவர்கள் இல்லை. அதற்குப் பதிலாக, முகம் தெரியாத அந்த ஆள் எங்கே எங்கேயெல்லாம் சாகக்கூடும் என்று ஒவ்வொரு இடமாக யோசித்து, அங்கங்கே போய் நின்றிருக்கிறார்கள். அப்பா செத்த இடம் நான்காம் பக்கத்தில் இருந்தது. மூன்றாவது வரி. அந்த வரிக்கு நேரே இரவும் பகலுமாகப் பன்னிரண்டு கட்டம். அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதினேன். மொழிபெயர்ப்பு வேலைக்கு ஆகவில்லை. "அழுத்தப் பகுதி" என்று எழுதினால் செல்வராணி என்ன என்று கேட்பாள். "கட்டில்ல அமுங்குற இடம்" என்று எழுதினேன். "தோல் சிவந்திருக்கிறதா பார்க்கவும்" என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. தம்பி நல்ல கறுப்பு, அப்பா மாதிரி. அவன் தோலில் எங்கே சிவப்புத் தெரியப் போகிறது? வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய வரி அது. ப்ரீடா சொன்ன சராசரி நோயாளி அந்த ஒரு வரிக்குள்தான் ஒளிந்திருந்தார். அதை அடித்துவிட்டு, "புறங்கையால் தொட்டுப் பார். பக்கத்துத் தோலைவிடச் சூடா? கெட்டியா? அப்படியென்றால் அந்தப் பக்கம் படுக்க வைக்காதே" என்று எழுதினேன். போன செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நான் மாற்றச் சொன்ன வரி இதுதான்.

செல்வராணி ஒருத்தியால் திருப்ப முடியாது. மடித்த பெட்ஷீட்டை அடியில் விட்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, முதுகு முறுக்காமல் கட்டை உருட்டுவதுபோல் ஒரே உடம்பாகத் திருப்ப வேண்டும். லயத்தில் நாலு பேர் உதவினால்தான் உண்டு. அதில்தான் சிக்கல். மூத்த பெண்கள் தமிழ் படித்தவர்கள். இளம் பெண்கள் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள், அவர்களுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், எழுத்துத் தெரியாது.

ரியா எனக்கு எதிரே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். மாமாவை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். "படம் வரைந்தால் என்ன?" என்று அவளாகக் கேட்டாள். வலப்பக்கம், மல்லாந்து, இடப்பக்கம் என்று மூன்று படம் வரைந்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கடிகாரம். "இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை வைப்பீர்களா?" "குதிகால் மெத்தையில் படலாமா, படக்கூடாதா?" என்று கேட்டுக் கேட்டு வரைந்தாள். குதிகால் படக்கூடாது என்றதும் வரைந்ததை அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். அவளுக்கும் வண்டிப்பெரியாருக்கும் நடுவில் எதுவுமே மிச்சமில்லை என்று நான் பல நாள் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குதிகாலை அவள் மூன்று முறை அழித்து வரைந்ததைப் பார்த்தபிறகு அந்தப் புலம்பலை நிறுத்திவிட்டேன்.

6

செல்வராணி அதை டவுனில் பிரிண்ட் எடுத்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள். மறுநாளே அழைத்தாள். 

"மதினி, அத்தை காயிதத்தக் கிழிச்சுட்டாக."

"ஏன்?"

"ஆபரேஷன் பண்ணின முதுக அசைக்கப்படாதுன்னு ஒரே பிடிவாதம். பாலியேட்டிவ் சிஸ்டர் வந்து மலையாளத்துல எத்தனையோ தடவ சொல்லிட்டாக. கேக்கல. நாங்க துணியப் பிடிச்சா அவர் மேல குறுக்க விழுந்துருதாக. எம்மவன நான் சாகக் குடுக்க மாட்டேன்னு கத்துதாக." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மதினி, குதிகாலத் தொட்டுப் பாத்தேன். சுடுது."

பாலியேட்டிவ் சிஸ்டர் என்பது பஞ்சாயத்திலிருந்து வீடு வீடாக வந்து படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ். அவர் சொல்லியும் அம்மா கேட்கவில்லை என்றால் வேறு யார் சொல்லிக் கேட்கப் போகிறாள்? குதிகால் சுட ஆரம்பித்தால் நம் கையில் இருப்பது சில நாட்கள்தான்.

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கினாள்.

"அம்மா, அப்பா எப்படிச் செத்தாரு?"

"இதென்ன கேள்வி இப்ப? மரத்துலேர்ந்து விழுந்து செத்தாரு."

"இல்லம்மா. விழுந்து மூணு மாசம் உயிரோட இருந்தாருல்ல. முதுகுல புண்ணு வந்துதே, அதுலதான் செத்தாரு. புண்ணு எதனால வந்துது தெரியுமா? ஒரே பக்கமா கிடந்ததால. திருப்பிப் போட்டிருந்தா வந்திருக்காது."

அம்மா தம்பியின் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் படிக்கப் போன வருசமே தெரியும்மா. உங்கிட்டச் சொல்ல மனசு வரல. இப்பச் சொல்லலன்னா சகாயத்துக்கும் அதேதான் வரும்."

அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அவள் போனைச் செல்வராணி கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கிளம்பி வேலைக்குப் போனேன். ஒரு கிழவியைப் புரட்டிப் படுக்க வைத்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய், அங்கே நின்று அழுதேன். ஷைனிதான் பார்த்துவிட்டு என்னைத் தேநீர் அறைக்கு அழைத்துப் போனாள்.

மறுநாள் முழுவதும் செய்தி இல்லை. அதற்கடுத்த நாள் செல்வராணி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கிழித்த காகிதத்தைச் சோற்றுப்பசை வைத்து ஒட்டி மறுபடி சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழே ஒரு குரல்செய்தி. "மதினி, அத்தை காலைல எந்திரிச்சாக. துணியோட ஒரு முனையப் பிடிச்சுக்கிட்டு, 'நீ அந்தப் பக்கம் பிடி'ன்னாக."

7

சான்றிதழ் வந்து, விசா வந்து, நான் கொச்சியில் இறங்கியபோது ஐந்து வாரம் கடந்திருந்தது.

அந்த ஐந்து வாரமும் தினமும் ஒரு போட்டோ வரும். இரண்டு மணிக்கொரு கட்டம் போட்ட அன்றைய தாள். செல்வராணி மலைக்குப் போகும் நேரத்துக்கு ஓய்வுபெற்ற இரண்டு பெண்கள். மதியம் அம்மாவும் பக்கத்து வீட்டு மருமகளும். சாயங்காலம் ஜீப் ஸ்டாண்டிலிருந்து சகாயத்தின் கூட்டாளிகள் இருவர். குளிப்பாட்டுகிற வேலையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள், அவனுக்குக் கூச்சம் கூடாது என்று. இரவில் செல்வராணியும் மகளும். கட்டத்தில் சிலர் தமிழில் பெயரெழுதினார்கள், சிலர் மலையாளத்தில். எழுதத் தெரியாதவர்களில் ஒருவர் சிலுவை போட்டார், ஒருவர் தேயிலைக் கொழுந்து மாதிரி இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரைந்தார். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. எங்கள் வார்டில் ஒரு கட்டம் விட்டுப்போனால் விசாரணை வரும். அங்கே யார் விசாரிக்கப் போகிறார்கள்? 

வீட்டுக்குள் போனதும் செருப்பைக் கழற்றி, கை கழுவி, "தம்பி, முதுகக் காட்டு" என்றேன்.

"வந்ததும் வராததுமா முதுகா? மூஞ்சியப் பாருக்கா" என்று சிரித்தான்.

திருப்பினோம். பின்தலை, தோள்பட்டை, இடுப்படி, இரண்டு குதிகால். புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. கெட்டியில்லை. எண்ணெய் தேய்த்த மாதிரி வழுவழுப்பான, முழுசான தோல். நல்ல மெத்தையும் மெஷினும் வேளைக்கு வேளை நர்ஸும் இருக்கும் இடத்திலேயே சில சமயம் தோற்றுப்போகிறோம். பத்தடிக்குப் பத்தடி லயத்து அறையில் பஞ்சாயத்து கொடுத்த காற்று மெத்தையும் ஒரு பெட்ஷீட்டும் வைத்துக்கொண்டு இவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். நான் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

அம்மா கட்டில் பக்கம் வரவில்லை. அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, புண்ணு இருக்கா?"

"இல்லம்மா. ஒண்ணுமில்ல."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கேன். நீ அனுப்பின காயிதம் இவனுக்குன்னு எழுதினதா? இல்ல, அங்க எல்லாருக்கும் இதேதானா?"

"எல்லாருக்கும் இதேதாம்மா. பேரு மட்டும் மாறும்."

"வெள்ளக்காரனுக்கும்?"

"அவங்களுக்கும். எங்க பெரிய டாக்டரே வந்து படுத்தாலும் இதேதான்."

"திருப்பலன்னா யாருக்கும் அந்தப் புண்ணு வந்துருமா?"

"யாருக்கானாலும் வரும்."

அடுப்பைத் தணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவ ஒரு நாளு நான் புரட்டினேன்ட்டி" என்றாள். "நீ பள்ளிக்கூடம் போயிட்ட. முதுகு நமைக்குதுன்னாரு. கம்பளியோட பிடிச்சு ஒத்தையில இழுத்துப் புரட்டினேன். மறுநாளு பாத்தா தோலு கையோட வருது. கம்பவுண்டரு வந்து, யாரு இவர அசைச்சதுன்னு சத்தம் போட்டாரு. நாந்தான்னு சொல்லல. அந்தப் புண்ணு எங்கையால வந்ததுன்னுதான் இத்தன வருசமும் நெனச்சிக்கிட்டிருந்தேன். அதான் இவனத் தொட விடல. எங்கை பட்டா இவனும் போயிருவான்னு."

அவள் தாங்கமாட்டாள் என்று இருபத்தாறு வருடம் நான் மறைத்து வைத்திருந்தேன். அவள் அதைவிடப் பெரிய ஒன்றை, நடக்கவே நடக்காத ஒரு குற்றத்தை, அவ்வளவு காலமும் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் முதல் வருடமே வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே இறக்கி வைத்திருப்பாள்.

"அம்மா, அந்தத் தோலு அதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. நீ புரட்டினதால வரல. அந்த மூணு மாசத்துல அவருக்குச் சரியா நடந்தது அது ஒண்ணுதாம்மா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிற பார்வை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் இதேதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நானும் ப்ரீடாவும் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே விஷயம் என் அம்மாவுக்கு மன்னிப்பாக இருந்தது. எல்லாருக்கும் ஒன்று என்றால், அவள் கைக்கென்று தனியாக ஒரு சாபம் இல்லை.

மறுநாள் காலையில் சாப்பாடு முடிந்ததும் அம்மா ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள்.

"மூணாம் லயத்துல அந்தோணியம்மா வாதம் வந்து கிடக்கா. மருமக சின்னப் புள்ள, தொடவே பயப்படுதா. நம்ம காயிதத்தப் பாத்து அப்படியே எழுது. பேர மட்டும் மாத்து."

எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மழை நனைத்த பாதையில் எனக்கு முன்னால் நடந்தாள். மூன்றாம் லயத்தில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். அம்மா உள்ளே போய் அந்தோணியம்மாவின் கட்டில் ஓரமாக நின்று பெட்ஷீட்டின் முனையைக் கையில் சுருட்டிப் பிடித்தாள். மறு முனையைப் பிடிக்கச் சொல்லி அந்த மருமகளைக் கண்ணால் கூப்பிட்டாள். அவள் தயங்கினாள்.

"பயப்படாத புள்ள" என்றாள் அம்மா. "இது எல்லாருக்கும் உள்ளதுதான்."